ஒரே நிலநடுக்கத்தில் ஒரு பகுதி இடிந்து, பக்கத்துப் பகுதி தப்புவது ஏன்?

கேள்வி இது: ஒரே நிலநடுக்கம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரி கட்டிய வீடுகள். ஒரு பகுதியில் கட்டடங்கள் வரிசையாக விழுகின்றன. சில கிலோமீட்டர் தள்ளி, சுவரில் கீறல்கூட இல்லை. இதற்கு மண்தான் காரணமா? அப்படியென்றால் மென்மையான மண் மெத்தைபோல அதிர்வை உள்வாங்கிக்கொள்ள வேண்டாமா? ஏன் அங்கேதான் சேதம் அதிகம்?

மண் பெரிய காரணம்தான். மெத்தை என்ற எண்ணம்தான் தவறு. அதைத் திருத்துவதற்காகப் பலரும் சொல்லும் ‘பாறை நல்லது, மென்மண் கெட்டது’ என்ற பதிலும் பாதிதான் சரி. மண் எந்த வேகத்தில் ஆடுகிறது, அதன்மேல் நிற்கும் கட்டடம் எந்த வேகத்தில் ஆட விரும்புகிறது, இவை இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இதை விளக்க மெக்சிகோ நகரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

1985 செப்டம்பர் 19, காலை நேரம். மெக்சிகோவின் பசிபிக் கரையோரம், மிச்சோவகான் பகுதியில் 8.0 அளவில் நிலநடுக்கம். தலைநகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். இவ்வளவு தூரம் வருவதற்குள் அதிர்வு தேய்ந்துபோக வேண்டும். தேய்ந்துதான் போயிருந்தது. நகரின் தெற்கே, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறைமேல் தேசியப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே பதிவான உச்ச முடுக்கம் (நிலம் எவ்வளவு கடுமையாக உதைத்தது என்பதன் அளவு) புவியீர்ப்பு முடுக்கத்தில் 3, 4 சதவீதம் மட்டுமே. ஒழுங்காகக் கட்டிய எந்தக் கட்டடத்தையும் இது அசைத்துப் பார்க்காது. ஆனால் அதே நகரில், சில கிலோமீட்டர் வடக்கே போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இருந்த கருவி காட்டியது சுமார் 17 சதவீதம். அதைவிட முக்கியம், அந்த ஆட்டத்தின் தாளம். ஏறக்குறைய 2 நொடிக்கு ஒருமுறை, போய் வந்து போய் வந்து, ஒரே சீராக நிலம் ஆடியது. 2 நொடியில் ஆடக்கூடிய ஒரு கட்டடம் அங்கே நின்றிருந்தால், பாறைமேல் நின்ற அதே மாதிரிக் கட்டடத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு உதை வாங்கியிருக்கும். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

இரண்டு இடங்களுக்கும் நடுவே இருந்த வேறுபாடு ஓர் ஏரி. ஆஸ்டெக் மக்களின் தலைநகரம் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் இருந்தது. பின்னால் ஸ்பானியர்கள் ஏரியை வடித்தார்கள். நகரம் ஏரிப்படுகைமேல் பரவியது. படுகையில் இருப்பது எரிமலைச் சாம்பல் கலந்த களிமண். அதிலுள்ள நீரின் எடை மண்துகள்களின் எடையைவிட இரண்டு, மூன்று மடங்கு. பார்க்க மண், நடத்தையில் கூழ்.

சரி, கூழ் ஏன் அதிர்வைப் பெருக்குகிறது? இதில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, அலை மெதுவாவது. கட்டடங்களை அதிகம் பாதிப்பது நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும் எஸ் அலைகள். ஆழத்துப் பாறையில் இவை நொடிக்கு 2, 3 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. மேலே உள்ள வண்டலுக்குள் நுழைந்ததும் வேகம் நொடிக்கு 200 மீட்டராகக் குறையலாம். மெக்சிகோ களிமண்ணில் 100 மீட்டருக்கும் கீழே. அலை சுமந்துவரும் ஆற்றல் எங்கும் மறைந்துவிடவில்லை. வேகம் குறைந்த இடத்தில் அதே ஆற்றலைக் கடத்த வீச்சு, அதாவது ஆட்டத்தின் அளவு, கூடியாக வேண்டும். ஆழ்கடலில் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும் சுனாமி, கரையோர ஆழம் குறைந்த நீரில் வேகம் இழந்து சுவராக எழுவதும் இதே காரணத்தால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாறையின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 2,600 கிலோ, வேகம் 2,000 மீட்டர். மண்ணுக்கு 1,800 கிலோ, 200 மீட்டர். அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி, இரண்டின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் 3.8 வரும். அதாவது வழியில் ஆற்றல் இழப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால் அதிர்வின் வீச்சு ஏறக்குறைய நாலு மடங்காகும்.

இரண்டாவது வேலை, ஒத்ததிர்வு. மேலே வந்த அலை தரைமட்டத்தில் மோதித் திரும்புகிறது. கீழே பாறையில் மோதி மறுபடி மேலே வருகிறது. மென்மண் அடுக்குக்குள் அது மாட்டிக்கொள்கிறது என்றே சொல்லலாம். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். நம் நடையும் தண்ணீரின் அசைவும் ஒத்துப்போகாதவரை பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒத்துப்போனால் நாலு எட்டுக்குள் தண்ணீர் விளிம்பு தாண்டிக் கொட்டும். நாம் வேகமாக நடந்ததால் அது கொட்டவில்லை, அதன் தாளத்துக்கு நடந்ததால் கொட்டியது. மண் அடுக்குக்கும் இப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. அடுக்கின் தடிமனை நாலால் பெருக்கி, அலையின் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 40 மீட்டர் தடிமன், நொடிக்கு 80 மீட்டர் வேகம் என்றால் 160ஐ 80ஆல் வகுக்க 2 நொடி. மெக்சிகோ நகரில் பதிவான அதே 2 நொடி.

இனி கட்டடம். அதற்கும் சொந்தத் தாளம் இருக்கிறது. தோராயமாக மாடிக்கு 0.1 நொடி என்று வைத்துக்கொள்ளலாம்: இரண்டு மாடி வீடு 0.2 நொடி, பத்து மாடிக் கட்டடம் 1 நொடி. 1985இல் மிகவும் அடிபட்டவை ஆறு முதல் பதினைந்து மாடிவரையிலான கட்டடங்கள். இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். நிலத்தின் தாளம் 2 நொடி என்றால் இருபது மாடிக் கட்டடங்கள்தானே விழுந்திருக்க வேண்டும்?

இதற்கான பதில்தான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கட்டடத்தின் தாளம் நிலையானதல்ல. ஆடத் தொடங்கிக் கான்கிரீட்டில் கீறல் விழுந்ததும் விறைப்பு குறைகிறது, அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்வர ஆகும் நேரம், கூடுகிறது. 1 நொடியில் ஆடிக்கொண்டிருந்த பத்து மாடிக் கட்டடம் கீறல் விழவிழ 1.3, 1.6 என்று 2 நொடியை நோக்கி நகர்கிறது. அடிபட அடிபட இன்னும் மோசமான இடத்துக்குப் போகிறது. ஏற்கெனவே 2 நொடியைத் தாண்டிவிட்ட உயரமான கட்டடம் கீறல் விட்டால் அதிலிருந்து விலகிப் போகிறது. 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம் அதே ஏரிப்படுகையில் நின்றும் பிழைத்தது. நூற்றாண்டுகள் பழைய, தாழ்வான, விறைப்பான கட்டடங்களும் பெரும்பாலும் பிழைத்தன. 2 நொடி ஆட்டத்தில் அவை நிலத்தோடு சேர்ந்து மெதுவாக நகர்ந்து வந்தன, அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு ஒரு மறுபாதி உண்டு. சரியாக 32 ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 19 அன்று மறுபடியும் மெக்சிகோ நகரம் ஆடியது. இந்த முறை அளவு 7.1, மையம் சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில். அருகிலிருந்து வந்ததால் அதில் வேகமான அதிர்வுகள் அதிகம் இருந்தன. தூரத்திலிருந்து வரும் அலைகளில் அவை வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் சேதத்தின் இடமும் மாறியது. களிமண் மிகத் தடிமனாக உள்ள நடுப்பகுதியைவிட, அது மெலியும் மேற்கு ஓரத்தில் இடிபாடு அதிகம். தடிமன் குறைந்தால் தாளம் வேகமாகும்; அந்த வேகத்துக்குப் பொருந்தியவை நடுத்தர உயரக் கட்டடங்கள். 1985 வரைபடத்தை மட்டும் வைத்து ‘இந்தத் தெரு பாதுகாப்பு’ என்று நினைத்திருந்தால் 2017 அதைப் பொய்யாக்கியிருக்கும். ஒரு நிலநடுக்கத்தில் தப்பியதால் அடுத்ததிலும் தப்பும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

மண்ணைமட்டும் குற்றவாளியாக நிறுத்துவதும் சரியில்லை. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் 6.9 அளவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம். ஓக்லாந்தில் சைப்ரஸ் தெருவின் இரண்டடுக்கு மேம்பாலம் இடிந்து 42 பேர் இறந்தார்கள். மையம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில். விழுந்தது விரிகுடாவின் மென்சேற்றின்மேல் நின்ற பகுதி. அதே பாலம், அதே வடிவம், இறுக்கமான மண்மேல் நின்ற பகுதி விழவில்லை. மண்ணின் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் தூண்கள் சேரும் இடங்களில் கம்பி கட்டு போதாமல் இருந்ததும் உண்மை. அது சரியாக இருந்தால் சேற்றின்மேல் நின்ற பகுதியும் நின்றிருக்க வாய்ப்பிருந்தது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்ததும் இப்படித்தான். சபர்மதியின் ஆழமான வண்டல் ஆட்டத்தைக் கூட்டியது. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டு வெறும் தூண்கள்மேல் நின்ற கட்டடங்களால் அதைத் தாங்க முடியவில்லை.

ஓக்லாந்துச் சேற்றைப் பற்றி முன்பே தெரிந்திருந்ததுதான் மனதை உறுத்துகிறது. நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடக்கும்போதெல்லாம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிக் கருவிகளை வைத்து அதிர்வைப் பதிவு செய்தார் ரோஜர் போர்ச்சர்ட் என்ற புவியியற்பியலாளர். விரிகுடாச் சேற்றின்மேல் அதிர்வு பாறையைவிடப் பல மடங்கு என்று 1970இலேயே அவர் எழுதிவிட்டார்.

அப்புறம், மண் எப்போதும் ஒரே மடங்கு பெருக்குவதில்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. மெல்லிய அதிர்வில் மண் ரப்பர் மாதிரி நடந்துகொள்கிறது. பலமான அதிர்வில் துகள்கள் ஒன்றோடொன்று உரசி வழுக்குகின்றன; மண் மேலும் மென்மையாகிறது, ஆற்றலைத் தின்னவும் தொடங்குகிறது. அதனால் பெருக்கம் குறையும், சில சமயம் தலைகீழாகவும் ஆகும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய போர்ட் ஐலண்டில் தரையிலும் 83 மீட்டர் ஆழம்வரையும் கருவிகள் இருந்தன. பக்கவாட்டு ஆட்டம் ஆழத்தைவிடத் தரையில் குறைவாகப் பதிவானது. மெத்தை என்று நினைப்பவர்கள் சொல்வது இங்கே ஒரு விதத்தில் நடந்தது. ஆனால் மண் தன் வலிமையை இழந்துதான் அதைச் செய்தது. துறைமுகச் சுவர்கள் கடல் பக்கம் நகர்ந்து, தரை இறங்கிப்போனது.

மண் வலிமை இழப்பது என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தளர்வான மணல், துகள்களுக்கு நடுவே நீர் நிரம்பியிருக்கிறது. குலுக்கும்போது துகள்கள் நெருங்கி அமரப் பார்க்கின்றன. நடுவிலிருக்கும் நீருக்கு உடனே வெளியேற வழியில்லை. அதன் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்த பிடி விட்டுப்போகிறது. சில நொடிகளுக்கு அந்த மணல் கனத்த திரவம். மேலே இருப்பது அமிழும், உள்ளே புதைத்த காலித் தொட்டிகள் மிதந்து மேலே வரும். இதை மண் திரவமாதல் என்கிறோம். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாதாவில் நான்கு மாடிக் குடியிருப்புகள் சுவர் உடையாமல் அப்படியே சாய்ந்தன, ஒன்று கிட்டத்தட்ட மல்லாந்து படுத்தது. கட்டடத்தில் குறையில்லை, கீழே நிலம் இல்லாமல் போய்விட்டது. 1934 ஜனவரி 15 பீகார்–நேபாள நிலநடுக்கத்தில் வடக்கு பீகாரில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் இப்படி இளகி, வீடுகள் சாய்ந்து அமிழ்ந்தன. வயல்களில் மணலும் நீரும் பீறிட்டன. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010இலும் 2011இலும் ஒரே தெருக்களில் திரும்பத் திரும்ப இது நடந்தது. கடைசியில் அரசே ஆயிரக்கணக்கான வீட்டுமனைகளை வாங்கி, குடியிருக்கக் கூடாத பகுதியாக அறிவித்தது. ஒருமுறை இளகி அமர்ந்த மணல் இறுகிவிடும், இனி பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தெருக்களைத்தான் காட்டுவேன்.

இதுவரை மண் அடுக்கைத் தட்டையான விரிப்பு மாதிரி பேசினேன். உண்மையில் பல நகரங்கள் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. சுற்றிலும் பாறை, நடுவே ஆழமான வண்டல். கிண்ணத்தின் ஓரத்தில் நுழையும் அலை பக்கவாட்டில் ஓடத் தொடங்குகிறது, எதிர்ச்சுவரில் மோதித் திரும்புகிறது. ஆட்டம் பெரிதாவதோடு நீளவும் செய்கிறது. பாறையில் அடங்கிவிட்ட பிறகும் கிண்ணத்தின் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். கோபேயில் சேதம் மிக அதிகமான பகுதி ஒரு கிலோமீட்டர் அகலத்தில் இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டையாக இருந்தது. அது உடைப்புக்கோட்டின் (நிலத்தடியில் பாறை உடைந்து நழுவிய கோட்டின்) நேர்மேலே இல்லை. நேராக மேலே வந்த அலையும், கிண்ண ஓரத்திலிருந்து பக்கவாட்டில் வந்த அலையும் ஒரே நேரத்தில் சேர்ந்த இடம் அது.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நேபாளம் ஆடியபோது, காத்மாண்டுவில் பயந்த அளவுக்கு வீடுகள் விழவில்லை. அந்த நகரமும் பழைய ஏரிப்படுகைதான். அங்கே பதிவானது ஏறக்குறைய 4, 5 நொடி நீளமான மெதுவான ஆட்டம். நகரில் அந்தத் தாளத்துக்குப் பொருந்தும் உயரத்தில் கட்டடங்கள் மிகக் குறைவு. நகருக்கு வெளியே சிந்துபால்சோக் மாவட்டத்தின் மலைக் கிராமங்களில்தான் உயிரிழப்பு மிக அதிகம். கல்லும் மண்ணும் அடுக்கிய வீடுகள், அதோடு நிலச்சரிவுகள். ‘ஏரிப்படுகை என்பதால் காத்மாண்டு அழியும், மலைமேல் இருப்பவர்கள் தப்புவார்கள்’ என்று யாராவது கணித்திருந்தால் முழுக்கத் தவறியிருப்பார்கள். மலையுச்சிகளும் சில சமயம் ஆட்டத்தைக் குவிக்கும். 1994இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் டார்சானா என்ற சிறு குன்றின்மேல் புவியீர்ப்பின் 1.78 மடங்கு முடுக்கம் பதிவானது.

சரி, ஒரு மனையின் மண் எப்படி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொறியாளர்கள் பொதுவாகப் பார்ப்பது மேல் 30 மீட்டரில் எஸ் அலையின் சராசரி வேகம். அமெரிக்காவில் நீண்டகாலம் பயன்பட்ட வகைப்பாட்டில் நொடிக்கு 760 மீட்டருக்கு மேல் என்றால் பாறை, 180க்குக் கீழே என்றால் மென்மண். துளையிட்டு, அதற்குள் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து, அது 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனை பரவலாக நடக்கிறது. துளையே போடாமல், தரையில் வரிசையாக உணரிகள் வைத்து மேற்பரப்பு அலைகளை அளந்தும் வேகத்தைக் கணக்கிடலாம். போக்குவரத்தும் கடலலையும் காற்றும் எப்போதும் உண்டாக்கும் நுண்ணதிர்வை ஒரே ஒரு கருவியில் பதிவு செய்து, மண்ணின் சொந்தத் தாளத்தைத் தோராயமாகக் கண்டறியும் முறையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் 30 மீட்டர் சராசரியை மட்டும் நம்பக்கூடாது. ஆழமான கிண்ணங்களில் உயரமான கட்டடங்களைப் பாதிப்பது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தின் விஷயம். 30 மீட்டரில் அது தெரியாது.

இந்திய விதிநூலான ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு மண்ணை மூன்று வகையாகப் பிரித்தது. நீண்ட அலைவு நேரமுள்ள உயரக் கட்டடத்துக்கு, பாறையோடு ஒப்பிட்டால் மென்மண்ணில் 1.67 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. குள்ளமான வீட்டுக்கு மூன்று மண்ணிலும் ஒரே அளவுதான். மண்ணும் கட்டடமும் சேர்ந்துதான் விடை என்பது இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது.

ஆழமாகப் பைல் (நிலத்துக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) இறக்கிவிட்டால் கவலையில்லையா என்றும் பலர் கேட்பார்கள். பைல் கட்டடத்தின் எடையைக் கீழேயுள்ள உறுதியான அடுக்குக்குக் கொண்டுபோகும். மேலே உள்ள மண் ஆடுவதை அது நிறுத்தாது. மண் இளகிப் பக்கவாட்டில் நகர்ந்தால் பைலே வளைந்து முறிந்த இடங்களும் உண்டு. மணலை முன்பே இறுக்குவது, நீர் வடிய வழி செய்வது, சிமென்ட் கலந்து கெட்டிப்படுத்துவது போன்ற வேலைகள் செலவு பிடிப்பவை என்றாலும் பலன் தருகின்றன.

மனை வாங்கும் சாதாரண ஆளுக்கு இவ்வளவு கருவிகள் தேவையில்லை. நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது, அந்த இடம் முன்பு ஏரியா, குளமா, ஆற்றின் பழைய போக்கா, எதைக் கொண்டு எப்போது தூர்த்தார்கள் என்று விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவில் 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு 1908இல் வந்த அரசு விசாரணை அறிக்கை, தூர்த்த நிலங்களில்தான் சேதம் கடுமை என்று தெளிவாகவே பதிவு செய்தது. அதற்குச் சில ஆண்டுகளில், 1915 உலகக் கண்காட்சிக்காக மரீனா பகுதியின் நீர்ப்பரப்பை மணல் கொட்டித் தூர்த்தார்கள்; 1906 இடிபாடுகளும் அந்த நிலத்துக்குள் போயின. பிறகு அதன்மேல் வீடுகள் வந்தன. 1989இல் மரீனாவின் மணல் இளகியது. வீடுகள் சாய்ந்தன, எரிவாயுக் குழாய்கள் உடைந்து தீப்பிடித்தது. தரையைப் பிளந்து பீறிட்ட மணலோடு கருகிய மரத்துண்டுகளும் வெளியே வந்து விழுந்தன. 1906இல் எரிந்த வீடுகளின் மரம் அது.